எட்டு மதிப்பெண்ணும் ஐம்பது டைல்ஸும்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல் கணித மாணவி ஒருவர்)

ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் தருமாறு அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் தோழியர் பலர் கவிதை எழுதப் போவதாகச் சொன்னார்கள். எனக்குக் கவிதை வராது. நான் கணக்கு மாணவி. ஆகவே கணக்கைப் பற்றியே எழுதத் துணிந்தேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என்று வாசக நண்பர்களைப் பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன். இதில் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பில் நாம் எல்லோரும் படித்த நேர்கோடும் பரவளையமும்தான். அவற்றை நாம் படித்தோம் என்பதில் ஐயமில்லை. புரிந்து கொண்டோமா என்பதே என் கேள்வி.

நான் சிதம்பரத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து வருகிறேன். என் அப்பா கொத்தனார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். காலையில் நகரப் பேருந்தில் சிதம்பரம் வந்து, அங்கிருந்து வேறு பேருந்து ஏறி, பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டிக் கடலூர் வந்து சேர்கிறேன். இதை இரக்கம் தேடிச் சொல்லவில்லை. என்னைப் போல் வந்தவர்கள் நம் வகுப்பில் பலர். நம்மைப் போன்றவர்களின் தலைக்குள் கணக்கு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வதற்காகவே சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வரைபடக் கணக்குக்கு எட்டு மதிப்பெண் என்பது யாவரும் அறிந்தது. அதை விடுகிறவன் அறிவிலி என்று பள்ளியில் சொல்வார்கள். முறை எளிது. முதலில் அட்டவணை போட வேண்டும். புள்ளிகளைக் குறிக்க வேண்டும். வளைவாக இணைக்க வேண்டும். வரைபடத் தாளின் மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுத வேண்டும். மறந்தால் மதிப்பெண் குறையும். பிறகு இரண்டு சமன்பாடுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கழிக்க வேண்டும். கழித்தால் ஒரு நேர்கோடு வரும். அந்தக் கோடு வளைவை வெட்டும் இடங்களே விடை.

எடுத்துக்காட்டாக, y = x² − 2x − 3 என்பதன் வரைபடம் வரைந்து, அதைக் கொண்டு x² − x − 6 = 0 என்பதைத் தீர்க்கச் சொல்வார்கள். கழித்தால் y = −x + 3 என்று வரும். அந்தக் கோட்டை வரைந்தால் அது வளைவை x = 3, x = −2 என்ற இடங்களில் வெட்டும். விடை வந்துவிட்டது. மாதிரித் தேர்வுகளில் இந்தக் கணக்குக்கு நான் எட்டுக்கு எட்டு வாங்கியிருக்கிறேன்.

ஏன் கழிக்க வேண்டும்? கழித்தால் ஏன் நேர்கோடு வருகிறது? இரண்டிலும் x² இருப்பதால் அது நீங்கிவிடுகிறது. கோடும் வளைவும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் உயரமும் ஒன்றாகிறது. உயரம் ஒன்றாகும் x எதுவோ அதுவே நாம் தேடிய மூலம். இவ்வளவுதான் காரணம். ஆனால் 2022 மே மாதம் பொதுத்தேர்வு எழுதியபோது இது எனக்குத் தெரியாது. என்னை யாரும் கேட்கவுமில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

இது எனக்கு எப்படி உறைத்தது என்பதைச் சொல்லுகிறேன்.

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டு, பொங்கல் விடுமுறைக்கு வீட்டில் இருந்தேன். அப்பா பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குத் தரை வேலை எடுத்திருந்தார். மாலையில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பத்தடிக்குப் பத்தடி ரூமுக்கு ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் இருபத்தஞ்சு ஆச்சு. வீட்டுக்காரரு ஹாலை இருபதுக்கு இருபதாக் கட்டியிருக்காரு. அதுக்கு எத்தினி வேணும், சொல்லு. கடைக்குப் போன் பண்ணணும்."

"அம்பதுப்பா" என்றேன், யோசிக்காமலே.

அப்பா சிரிக்கவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அம்பது வாங்கினா பாதி ஹால் வெறுந்தரையாத்தான் கெடக்கும். நீளமும் கூடுது, அகலமும் கூடுதில்ல? அதுக்குள்ள நாலு ரூம் அடங்கும்மா. நூறு வேணும். செவரோரம் சுத்தி ஒட்டுற ஸ்கர்ட்டிங் மட்டுந்தான் ரெண்டு மடங்கு."

அவர் தெரியாமல் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்லூரியில் கணக்குப் படிக்கும் மகளைக் கேட்டு ஒரு வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையில் நான் மண்ணைப் போட்டேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நோட்டை எடுத்து ஒரு சதுரம் வரைந்தேன். பக்கம் 10 + 10. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. நான்கு அறைகள் கிடைத்தன. நான் கணக்கிட்டது எந்த ஐம்பது? மூலைக்கு மூலை எதிரே உள்ள இரண்டு அறைகள்: இருபத்தைந்தும் இருபத்தைந்தும். நான் விட்டுவிட்ட ஐம்பது எங்கே? மற்ற இரண்டு அறைகள். பார்த்ததும் திடுக்கிட்டேன். எட்டாம் வகுப்பிலிருந்து நான் மனப்பாடமாக ஒப்பித்து வந்த (a + b)² = a² + 2ab + b² என்பதில் வரும் அந்த 2ab தான் அது! விடைத்தாளில் நான் ஒருநாளும் விட்டதில்லை. தரையில் விட்டுவிட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டில் இருந்தது சுரைக்காய் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஒரே அறையில் நேரிய சார்பும் இருக்கிறது, இருபடிச் சார்பும் இருக்கிறது. சுவரோரம் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பக்கத்தின் நீளத்தோடு நேராக வளர்கிறது: பத்தடி அறைக்குச் சுற்று 40 அடி, இருபதடி அறைக்கு 80 அடி. தரையில் பதிக்கும் டைல்ஸ் பக்கத்தின் இருபடியாக வளர்கிறது: 25 என்பது 100 ஆகிறது. எங்கள் அப்பாவுக்கு இந்த இரண்டு சொற்களும் தெரியா. இரண்டின் வேறுபாடும் தெரியும். எனக்கு இரண்டு சொற்களும் தெரிந்திருந்தன, வேறுபாடு தெரியவில்லை.

இது என் ஒருத்தியின் அறியாமை மட்டும் அன்று என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் பிளேட்டோ எழுதிய 'மெனோ' என்ற உரையாடலில் ஒரு காட்சி வருகிறது. சாக்ரடீஸ், கல்வியறிவு இல்லாத ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, மணலில் இரண்டடிச் சதுரம் ஒன்றைக் காட்டி, இதைப் போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார். சிறுவன் உடனே நான்கடி என்கிறான். நான்கடிச் சதுரத்தின் பரப்பு எட்டன்று, பதினாறு என்று படத்திலிருந்து அவனே காண்கிறான். பிறகு மூன்றடி என்கிறான்; அது ஒன்பது. கடைசியில் மூலைவிட்டத்தின்மேல் வரையும் சதுரமே எட்டு என்று கண்டுகொள்கிறான். நான் சொன்ன 'அம்பது' அந்தச் சிறுவன் சொன்ன 'நான்கு'. ஆனால் அவனுக்கு ஒரு நற்பேறு இருந்தது. தவறான விடையைச் சொன்னதும் அவனை யாரும் உட்கார வைத்துவிடவில்லை. அந்தத் தவறிலிருந்தே அடுத்த கேள்வி பிறந்தது.

நம் காலத்திலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பெல்ஜியத்தில் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களின் இறுதியிலிருந்து பள்ளி மாணவரிடம் இத்தகைய கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். பக்கம் மும்மடங்கானால் பரப்பும் மும்மடங்கு என்றே மாணவரில் மிகப் பெரும்பாலோர் விடை எழுதினர். எதைக் கண்டாலும் நேர் விகிதம் என்று எண்ணும் மயக்கம் என்று இதைக் கூறுகின்றனர். இஸ்ரேல் நாட்டுக் கணிதக் கல்வி ஆய்வாளர் ஓரிட் சாஸ்லவ்ஸ்கி, இருபடிச் சார்பைக் கற்பதில் மாணவருக்கு நேரும் தடைகளை 1997இல் ஒரு கட்டுரையில் தொகுத்துக் காட்டினார். அவற்றைப் படித்தபோது, கடலூர்க்காரர்கள் நம்மைப் பார்த்து எழுதியதோ என்று எனக்குத் தோன்றியது. நம் வகுப்பறையில் நான் கண்டவற்றோடு சேர்த்து, நான்கு மயக்கங்களை மட்டும் இங்கே கூறுகிறேன்.

முதலாவது, சொல்லிலேயே நேரும் மயக்கம். தமிழ் வழியில் படித்து வந்த நாம் கல்லூரியில் முதல் நாள் 'ஃபங்ஷன்' என்று கேட்டதும் என்ன நினைத்தோம்? எங்கள் ஊரில் ஃபங்ஷன் என்றால் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. அது நாம் பத்தாம் வகுப்பில் படித்த சார்புதான் என்று தெரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. உண்மையில் 'சார்பு' என்ற சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது. ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். டைல்ஸின் எண்ணிக்கை பக்கத்தைச் சார்ந்திருக்கிறது. எது எதைச் சார்ந்தது என்று கேட்டுப் பழகியிருந்தால், f(x) என்பதை f பெருக்கல் x என்று நம்மில் சிலர் முதலாண்டில் விரித்து எழுதியிருக்க மாட்டோம்.

இரண்டாவது, நேரிய சார்பு என்றாலே நேர் விகிதம் என்று எண்ணுவது. ஒரு கொத்தனாருக்கு நாள் கூலி 900 ரூபாய், சாமான் ஏற்றி வரும் வண்டிக்கு ஒரு முறை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். x நாள் வேலைக்கு y = 900x + 300. இரண்டு நாளைக்கு 2100 ரூபாய். நான்கு நாளைக்கு? இருமடங்கு, 4200 என்று சட்டென்று வாய் சொல்லும். சரியான விடை 3900. வண்டிக் கூலி ஒரு முறைதானே! கோடு நேராக இருக்கிறது; ஆனால் ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. வெட்டுத்துண்டு என்று நாம் சூத்திரத்தில் எழுதும் c என்பது இந்த வண்டிக் கூலிதான். கோடு படுத்தே கிடப்பதும் உண்டு. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் ஊரிலிருந்து நான் இரண்டாம் நிறுத்தத்தில் இறங்கினாலும் சிதம்பரத்தில் இறங்கினாலும் சுழியமே. இதுதான் மாறிலிச் சார்பு. தினமும் அதில்தான் ஏறி வருகிறேன். அது ஒரு சார்பு என்று நெடுநாள் தெரியாது.

மூன்றாவது, சமன்பாட்டையும் சார்பையும் ஒன்றாகக் குழப்புவது. 2x² − 4x − 6 = 0 என்பதை இரண்டால் வகுத்து x² − 2x − 3 = 0 என்று சுருக்கலாம்; மூலங்கள் மாறா. இந்தப் பழக்கத்தில் y = 2x² − 4x − 6 என்ற சார்பையும் இரண்டால் வகுத்துவிட்டு, இரண்டும் ஒரே வளைவு என்று நாம் சொல்லிவிடுகிறோம். x = 1 என்று போட்டுப் பார்த்தால் ஒன்று −4 ஆழத்துக்கும் மற்றொன்று −8 ஆழத்துக்கும் இறங்குகிறது. இருபடி என்றால் மூலம் காண்பது மட்டுமே என்று பள்ளியில் பதிந்துவிட்டதால் வந்த வினை இது. வளைவு முழுவதையும் விட்டுவிட்டு, அது x அச்சைத் தொடும் இரண்டு புள்ளிகளை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நான்காவது, வரைந்த படத்தையே முழுப் படம் என்று நம்புவது. −4 முதல் 4 வரை அட்டவணை போட்டே பழகியதால், பரவளையம் அந்த இரண்டு ஓரங்களுக்கு வெளியே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். வளைவு செங்குத்தாக ஏறுவது போல் தாளில் தெரிவதால், அதற்கு இருபுறமும் சுவர் இருப்பதாகவும், x = 100 என்ற இடத்துக்கு மேலே வளைவே இல்லை என்றும் சொன்னவர்கள் உண்டு. நானும் சொன்னேன். உண்மையில் வளைவு உயரே போய்க்கொண்டே அகலவும் செய்கிறது. தாள்தான் முடிந்துவிடுகிறது.

இந்த மயக்கங்களுக்கு யாரைக் குறை சொல்வது? ஆசிரியர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வகுப்பில் இத்தனை பேரை வைத்துக்கொண்டு, தேர்வுக்கு முன் பாடத்தை முடிக்க வேண்டியவர்கள் அவர்கள். எங்கள் அணிக்கு மற்றொரு குறையும் உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் எட்டாம் வகுப்பு. ஆயத்தொலை வடிவியல் தொடங்கும் ஒன்பதாம் வகுப்பைப் பெரும்பாலும் வீட்டிலேயே கழித்தோம். கல்வித் தொலைக்காட்சியில் கோடு வரைந்து காட்டினார்கள். மின்சாரம் இருந்தபோது பார்த்தோம். தொலைக்காட்சியைப் பார்த்துச் சந்தேகம் கேட்க முடியாது அல்லவா?

ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்பது என் கருத்து. அது நம் மௌனம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த நமக்கு ஓர் அச்சம் இருக்கிறது. தெரியாது என்று சொன்னால், நீ இங்கே வந்திருக்கவே கூடாது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம். அதனால் கரும்பலகையில் உள்ளதை அப்படியே எழுதிக்கொண்டு, புரிந்ததுபோல் தலையாட்டுகிறோம். பத்தாம் வகுப்புப் பாடத்தில் சந்தேகம் என்று கல்லூரியில் எப்படிக் கேட்பது? இப்படியே முதலாண்டு கழிகிறது. பின்னர் நுண்கணிதம் வருகிறது. x² என்பதை வகையிட்டால் 2x என்று மற்றுமொரு சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறோம். அடித்தளம் போடாத இடத்தில் மேலும் ஒரு மாடி எழுப்புகிறோம்.

சென்ற சில மாதங்களாக நானும் என் தோழியர் இருவரும், வகுப்பு முடிந்து பேருந்துக்கு நேரம் இருக்கும் நாள்களில், முதலாண்டுத் தம்பி தங்கைகள் சிலரோடு தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து இந்தப் பாடங்களைப் பேசி வருகிறோம். கரும்பலகை இல்லை, ஈர மணல் இருக்கிறது. சுண்ணக்கட்டி இல்லை, கிளிஞ்சல் இருக்கிறது.

ஒரு கிளிஞ்சலை வைப்போம். அதைச் சுற்றி இரண்டு பக்கம் மூன்று கிளிஞ்சல் வைத்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம். மேலும் ஐந்து வைத்தால் மூன்றுக்கு மூன்று. மேலும் ஏழு, மேலும் ஒன்பது. ஒவ்வொரு முறையும் சேர்ப்பது, அப்பாவின் மூலைமட்டத்தைப் போன்ற வடிவம். பழைய கிரேக்கரும் இந்த வடிவத்துக்கு நோமோன் என்று தச்சரின் மூலைமட்டத்தின் பெயரையே வைத்தார்கள். 1, 4, 9, 16, 25 என்ற இருபடிகளுக்கு இடையே வேறுபாடு 3, 5, 7, 9. அந்த வேறுபாடுகளுக்கு இடையே வேறுபாடு எப்போதும் 2. இதோடு 3x + 2 என்பதை ஒப்பிடுங்கள்: 5, 8, 11, 14. வேறுபாடு எப்போதும் 3.

இரண்டு சார்புகளின் வேறுபாடு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. நேரிய சார்பு சமமான அடிகளில் சமமாக வளர்கிறது. இருபடிச் சார்பில் வளர்ச்சி சமமாக இல்லை. ஆனால் அந்த வளர்ச்சி தானே சமமாக வளர்கிறது. அதாவது, இருபடிச் சார்பின் மாற்றம் ஒரு நேரிய சார்பு. x² என்பதை வகையிட்டால் 2x வருவதன் உட்பொருள் இதுவே. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில், விழும் பொருள் சமமான நேரங்களில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இருக்கும் என்று காட்டினார். மேலிருந்து விடப்பட்ட கல் முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர், இரண்டாம் நொடியில் 15, மூன்றாம் நொடியில் 25 மீட்டர் விழுகிறது. மணலில் கிளிஞ்சல் அடுக்கிய அதே கணக்கு!

இன்னொரு நாள், வர்க்கப் பூர்த்தி என்பதை மணலில் செய்து பார்த்தோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி, x² + 10x = 39 என்ற கணக்கைச் சதுரம் வரைந்தே தீர்த்தார். பக்கம் x உள்ள ஒரு சதுரம். அதன் இரு பக்கமும் ஐந்து அகலத்தில் இரண்டு பட்டைகள். எல்லாம் சேர்ந்து 39. மூலையில் ஐந்துக்கு ஐந்து இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அந்த 25ஐயும் நிரப்பினால் 64. அதன் பக்கம் 8. ஆகவே x என்பது 3. "பூர்த்தி என்றால் நிஜமாகவே காலி இடத்தை நிரப்புவதுதானா, அக்கா?" என்று ஒரு தங்கை கேட்டாள். ஆம், நிஜமாகவேதான். அவளும் என்னைப் போல் அந்தச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவள்.

இவையெல்லாம் பள்ளிப் பாடங்கள், கல்லூரியில் இவற்றுக்கு நேரம் ஏது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பருவத் தேர்வு நெருங்கும்போது ஒரு வாரம் கூடப் பெரிது என்பதை நான் அறிவேன். மனப்பாடமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; வாய்ப்பாடு தெரியாமல் அப்பாவும் டைல்ஸ் எண்ண முடியாது. ஆயினும் அடித்தளத்தைச் சரிபார்க்கச் செலவிடும் நாள் வீணான நாள் ஆகாது. சுவர் எழும்பிய பின் தூக்குக்குண்டு பிடித்து என்ன பயன்?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, முதலாண்டுத் தொடக்கத்தில் இணைப்பு வகுப்புகள் என்று சில நாள்கள் ஒதுக்கப்படுவதுண்டு. அந்த நாள்களில் சூத்திரங்களை மீண்டும் எழுதிப் போடாமல், அறையும் டைல்ஸும் போன்ற கேள்விகளைக் கேளுங்கள். மதிப்பெண் வேண்டாம். தவறான விடைகளை எல்லோரும் அச்சமின்றிச் சொல்லட்டும்; அங்கிருந்து பாடம் தொடங்கட்டும். இரண்டாவது, ஒவ்வோர் அலகுக்கும் தமிழ்க் கலைச்சொல்லையும் ஆங்கிலக் கலைச்சொல்லையும் அருகருகே எழுதிய ஒரு தாள் எல்லோர்க்கும் கிடைக்க வேண்டும். 1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்குத் தமிழிலேயே நூல்கள் வெளியிட்டது. நூலகங்களின் பின் அடுக்குகளில் அவற்றுள் சில இன்னும் இருக்கும். தேடி எடுத்தால் கலைச்சொற்களுக்கு உதவும். ஆங்கிலத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. தமிழில் புரிந்ததை ஆங்கிலத்தில் எழுதக் கற்போம் என்றே சொல்கிறேன். மூன்றாவது, வாரம் ஒரு மணி நேரம், இரண்டாம் ஆண்டு மாணவர் முதலாண்டு மாணவரோடு உட்கார்ந்து பேச இடம் தர வேண்டும். பேராசிரியரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை அக்காவிடமோ அண்ணனிடமோ கேட்டுவிடுவார்கள்.

முதலாண்டுத் தம்பி தங்கைகளுக்கும் ஒரு சொல். நம் வீட்டில் படித்தவர் யாரும் இல்லை, நமக்குச் சொல்லித்தர ஆளில்லை என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது பாதி உண்மைதான். சூத்திரம் சொல்லித்தர ஆளில்லை. ஆனால் ஒன்று கூடினால் மற்றொன்று எவ்வளவு கூடும் என்பதைக் கையால் அறிந்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கொத்தனார் இருக்கிறார், தையற்காரர் இருக்கிறார், வலை பின்னுகிறவர் இருக்கிறார், பாத்தி கட்டி நீர் பாய்ச்சுகிறவர் இருக்கிறார். அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை x, y என்று எழுதிப் பாருங்கள். எழுதத் தெரிந்தது நம் பங்கு. அறிந்தது அவர்கள் பங்கு. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு.

சென்ற மாதம் அப்பா ஒரு தண்ணீர்த் தொட்டி வேலைக்குப் போனார். நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி ஆழம் என்று இருந்ததை எல்லாப் பக்கமும் எட்டடியாகக் கட்டச் சொன்னார்களாம். "தண்ணி எத்தினி மடங்கு புடிக்கும், சொல்லு பாப்போம்" என்றார். இந்த முறை நான் உடனே வாய் திறக்கவில்லை. தரையில் குச்சியால் கோடு கிழித்தேன். கீழே நான்கு தொட்டி, அவற்றின் மேலே நான்கு தொட்டி.

"எட்டு மடங்குப்பா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். பொதுத்தேர்வின் அந்த எட்டு மதிப்பெண்ணைவிட இந்த எட்டு எனக்குப் பெரிதாகப்பட்டது.

கட்டுரையில் பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க, சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வேன்.